பெராராவிலும் லொங்குய்யிலும் மாற்றுச் சம்பந்தம்

போன இலையுதிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, எங்கள் முதியோர் கூட்டத்தில் நான் பெராரா என்ற இத்தாலியச் சிற்றரசைப் பற்றிப் பேசினேன். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மொன்றியலில், அஹுன்ட்சிக் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நாங்கள் கூடுவோம். சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளும் இடம். வழக்கமாக யாராவது நீரிழிவைப் பற்றி விளக்குவார்கள். அன்றைக்கு வரவேண்டிய தாதி தடிமன் பிடித்து வரவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவன். மொன்றியலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது; வந்த பிறகு வரலாற்றுக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, நான் வரலாறு படிப்பித்தவன் என்பதை மற்றவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பதுதான். எழும்பி முன்னால் போய் நின்றேன்.

பெராராவை ஆண்டவர்களின் பட்டம் டியூக். தமிழில் கோமகன் என்று சொல்லலாம். படையை நம்பிய அளவுக்குத் தங்கள் பெண்பிள்ளைகளையும் நம்பிய குடும்பம் அது. ஒரு மகளை மாந்துவாவுக்குக் கொடுத்தார்கள். அடுத்தவளை மிலானை ஆண்டுகொண்டிருந்தவனுக்குக் கொடுத்தார்கள். அதே குளிர்காலத்தில் அந்த மிலான்காரனின் அண்ணன் மகளைத் தங்கள் வாரிசுக்கு எடுத்தார்கள்.

"அட, மாற்றுச் சம்பந்தம்!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படிப்பித்த காலத்தில்கூட எந்த மாணவனும் இவ்வளவு சுருக்கமாகப் பிடித்ததில்லை. ஒரு வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து அந்த வீட்டுப் பெண்ணை எடுப்பது. இரண்டு பக்கமும் சீதனப் பேச்சு இல்லை. உற்சாகத்தில் ஒரேயடியாகக் கடைசிக் கோமகனுக்குத் தாவினேன். அவர் மூன்று கலியாணம் கட்டினார், மூன்றும் பெரிய இடம், மூன்றிலும் பிள்ளையில்லை. மூன்றாவது பெண், இரண்டாவது மனைவியின் அக்கா மகள்.

மண்டபத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

"மாஸ்டர், அது மகள் முறையெல்லோ!"

"பாப்பரசற்ற அனுமதி இல்லாமல் நடந்திருக்காது, அக்கா."

"பாப்பரசருக்கு முறை தெரியுமோ? அவரென்ன கலியாணம் கட்டினவரோ?"

"அந்தக் காலத்துப் பாப்பரசர்மார் கட்டேல்லையெண்டாலும் பிள்ளை பெத்தவை," என்றார் பின்னாலிருந்து ஒரு மன்னார்க்காரர். அவர் தவறாமல் பூசைக்குப் போகிறவர், ஆகவே அவர் சொல்லலாம். மண்டபம் சிரித்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒரு பாப்பரசரின் மகளையே கட்டினார் என்றும், அத்தனை சம்பந்தமும் செய்து கடைசியில் முறையான வாரிசு இல்லாமல் பெராராவைப் பின்னால் வந்த பாப்பரசர் எடுத்துக்கொண்டார் என்றும் நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மகள் முறையிலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கோமகனுக்கு ஐந்தாவது நூற்றாண்டாக நிம்மதி இல்லை.

கடைசி வரிசையில் என் தங்கை இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன். என் பேச்சு அவளுக்குப் பிடிபடவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நானும் மாற்றுச் சம்பந்தக்காரன்தான். நான் என் மனைவியைக் கட்டிய அதே முகூர்த்தத்தில், அதே பந்தலில், அவளுடைய அண்ணன் என் தங்கையைக் கட்டினார். ஒரு மேளம், ஒரு சமையல், ஒரு ஐயர். எவ்வளவு சிக்கனம் என்று என் தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தவகைக் கலியாணத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. யாரும் எழுதி வைப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். இங்கே நான் மனைவியின் குழம்பில் குற்றம் சொன்னால், இரண்டு நாளில் அங்கே என் தங்கையின் குழம்பிலும் குற்றம் கண்டுபிடிக்கப்படும். இங்கே ஒரு சேலை வாங்கினால் அங்கேயும் ஒரு சேலை. மிலானும் பெராராவும் இந்தச் செய்திகளைக் கொண்டுபோகத் தூதர்களை வைத்திருந்தன. எங்களுக்கு மாமியார் இருந்தார். அவருக்குப் பிறகு தொலைபேசி வந்தது.

இரண்டு தம்பதியும் மொன்றியலுக்கு வந்தோம். நாங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அஹுன்ட்சிக்கில்; அவர்கள் அந்தப் பக்கம் லொங்குய்யில், ஒரு தட்டு வீட்டில். நடுவில் ஒரு ஆறே ஓடியும் ஒழுங்கு நனையவில்லை. கலியாண நாளில் இருந்து நாற்பது வருடத்துக்கும் மேலாக இரண்டு வீடும் ஒன்றையொன்று பிணை பிடித்துக்கொண்டு சமாதானமாக இருந்தன. சமாதானம் என்று சொல்வது நான். என் தங்கையைக் கேட்டிருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நானும் தங்கையும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனோம். மாதத்தில் ஒரு தடவை போவோம். அவள் கத்தரிக்காய் தெரிவாள், நான் பை பிடிப்பேன். பூசணிக்காய்கள் குவித்திருந்த இடத்தில் நின்று சொன்னாள்.

"அண்ணை, எனக்கு ஒரு வீடு கிடைச்சிருக்கு."

"உனக்கு வீடு இருக்கெல்லோ?"

"அது அவற்ற வீடு. இது வயது போனவைக்கெண்டு கட்டின கட்டிடம். ஒரு அறையும் குசினியும். உங்கட பக்கம்தான். ரெண்டு வருஷத்துக்கு முதல் பேர் குடுத்து வைச்சனான்."

"தனியாவோ?"

"தனியாத்தான்."

படித்த மனிதன் என்பதால் முறையாக விசாரித்தேன். "மச்சான் அடிக்கிறவரோ?"

"சீ."

"குடிக்கிறவரோ?"

"உங்களளவுக்கு இல்லை."

"பேந்தென்ன?"

அவள் ஒரு பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். "போன மாதம் டாக்குத்தரிட்டப் போனனாங்கள். அந்தப் பிள்ளை என்னைப் பாத்து, எங்க நோகுது மடாம் எண்டு பிரெஞ்சில கேட்டது. எனக்கு விளங்கினது. வாயைத் திறக்க முதல் இவர் முழங்கால் எண்டிட்டார். எனக்கு நோகிறது தோள்மூட்டு, அண்ணை. முழங்காலுக்கு மருந்து தந்து விட்டவ."

நான் சிரித்துவிட்டேன். "பூசினனியோ?"

"பூசினனான். இப்ப முழங்கால் நல்லாயிருக்கு."

என் தங்கை பல வருடம் ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகிற இடத்தில், சமைத்தவள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பிரெஞ்சு படித்தாள். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிடவும் அவளுடைய கணவருடையதைவிடவும் நல்லது. இதை இப்போதுதான் எழுதுகிறேன். இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

"எல்லாத்துக்கும் அவர்தான் மறுமொழி," என்றாள். "கடையில, பாங்கில, மகனோட போனில. சாப்பாடு காணுமோ எண்டு ஆரும் என்னைக் கேட்டாலும் காணும் எண்டு அவர் சொல்லுவார். கூடாத மனுசன் இல்லை. எனக்குத்தான் இனி ஏலாது." பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்கு முதல் அந்தக் கட்டிடக்காரருக்குச் சொல்லவேணும். மச்சாளுக்குக் கரைச்சல் வரக்கூடாது. அவவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. அவ ஓமெண்டால் எடுக்கிறன்."

ஒழுங்கு அப்படி. தன் கணவரைக் கேட்பதற்கு முன், எதிர் வீட்டுக்குப் போன பெண்ணை, அதாவது என் மனைவியை, கேட்கவேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று, தூதனுக்குப் பதில் சொல்லும் அரசனைப் போலச் சொன்னேன். கையில் கத்தரிக்காய்ப் பை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சட்டியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப அண்ணைய ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மீனைப் பிரட்டிப் போட்டாள்.

ஒரு சாதாரண மனிதன் அதை வெறும் கேள்வியாகவே எடுத்திருப்பான். நான் அதில் உடன்படிக்கையைக் கண்டேன். கொடுத்த பெண் திரும்பி வந்தால் எடுத்த பெண்ணும் திரும்பிப் போகவேண்டும். மாற்றுச் சம்பந்தத்தில் கடைசி வரி அதுதானே. என் மனைவி பிறஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் தட மெற்றோ ரயிலில் ஏறி, அண்ணனுக்குச் சமைக்க லொங்குய்யுக்குப் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் நான், ஒரு வெறும் சட்டியோடு. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. முட்டை பொரிக்கப் போனால் புகை எச்சரிக்கை மணிதான் முதலில் சாப்பிடும். குடும்ப மானம், தங்கை மகனின் பெயர், பேரப்பிள்ளைகளுக்கு நாளைக்கு வரப்போகிற சம்பந்தம் என்று அன்றிரவே நிறையக் காரணங்கள் சேர்த்துக்கொண்டேன். எல்லாம் நல்ல காரணங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது என் வயிறு.

புதன்கிழமை லொங்குய்யுக்குப் போனேன். மச்சான் முன்னறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ரீவி போடும் சத்தத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கமே ஓட்டக் கணக்குத் தெரிந்துவிடும். தங்கைக்கு வந்த வீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவள் இன்னும் சொல்லவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் பிரசங்கம் செய்தேன். நாலு பேரின் கலியாணத்தை ஒருவர் தீர்மானிக்க முடியாது என்றேன். ஒரு தூணை எடுத்தால் என்றேன். பெராராவையும் இழுத்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். குறுக்கே பேசாமல் கேட்க அவளுக்கு நல்ல பழக்கம்.

"மச்சாள் வேண்டாமெண்டு சொன்னவவோ?"

நான் பதில் சொல்ல ஒரு கணம்தான் எடுத்தது. "ஓம்," என்றேன்.

"என்னவெண்டு சொன்னவ?"

"நீ வெளிக்கிட்டால் தான் இஞ்ச வந்து அண்ணைய பாக்கவேணுமாம். தன்ர வீடு உடைஞ்சு போகுமாம்."

அவள் தலையாட்டினாள். மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து, எனக்கு முன்னாலேயே அந்தக் கட்டிடக்காரர்களை அழைத்தாள். இல்லை மடாம், நன்றி மடாம், என் குடும்ப நிலைமை மாறிவிட்டது, வேறு யாருக்காவது கொடுங்கள். ஒரு சொல் தடுக்கவில்லை. மறுமுனையில் இருந்தவள் ஏதோ ஆறுதல் சொன்னாள்போல, அதற்கும் அழகாக நன்றி சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, என் தங்கை எவ்வளவு நல்ல பிரெஞ்சு பேசுகிறாள் என்று பெருமைப்பட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த உணர்ச்சி அதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு மச்சானோடு இருந்து இரண்டு ஓவர் பார்த்துவிட்டு, தங்கை போட்டுத் தந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி, தங்கை என்ன முடிவு எடுத்தாள் என்று கேட்டாள். மனம் மாறிவிட்டாள் என்றேன். "ஏனாம்?" என்றாள். பெண்களின் மனம் என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுதும் என் தங்கை என் மனைவியின் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, முழங்கால் நோகிறது என்று மச்சான் சொன்னார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் வரவில்லை. என்னோடு மட்டும் வழக்கம்போலப் பேசினாள். மச்சாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு நான் நல்லவன், என் மனைவி கல்நெஞ்சக்காரி. நான் சொன்ன ஒரு சொல் அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தது.

என் மனைவிக்குக் கலியாணத்துக்கு முன்பிருந்தே தங்கை சினேகிதி. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்து படித்தவர்கள். எங்கள் இரண்டு கலியாணமும் அவர்களுடைய சினேகிதத்தின் மேல்தான் கட்டப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். வரலாற்று ஆசிரியர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. "நான் அவளுக்கு என்ன செய்தனான்?" என்று மனைவி கேட்டுக்கொண்டேயிருந்தாள். வெய்யில் குறைந்த மாதங்களில் சிலருக்கு அப்படி வரும் என்று நான் விளக்கினேன். இரவில் படுக்கும்போது தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் நன்றாக நித்திரைகொண்டேன். சில நாள் கொள்ளவில்லை.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கட்லட் பொரித்து ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டு மனைவி சப்பாத்து மாட்டினாள். "நான் போய் நேர கேக்கப் போறன். அவள் கதவு திறக்காட்டி வாசலில இருப்பன்."

நானும் கூடப் போனேன். வேறு என்ன செய்வது? மஞ்சள் மெற்றோ ஆற்றுக்கு அடியால் போகும்போது பெட்டியில் எங்களையும் ஒரு சைக்கிள்காரனையும் தவிர யாருமில்லை. மனைவியின் மடியில் கட்லட் டப்பா சூடாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்களும் நேருக்கு நேர் நிற்பார்கள். அவளாகக் கண்டுபிடிப்பதற்கு முன் சொல்லிவிடலாம் என்ற தைரியம்தான் எனக்கு வந்தது. தைரியத்தில் மிகச் சிறிய வகை அது.

"இஞ்சாரும், நீர் சொன்னதெண்டு தங்கச்சியிட்ட ஒரு பொய் சொன்னனான்."

முழுவதையும் சொன்னேன். அவள் டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் என்ன சொன்னனான்?"

"அண்ணைய ஆர் பாக்கிறதெண்டு கேட்டனீரெல்லோ?"

"கேட்டனான். ஆர் பாக்கிறது எண்டால், நான் பாக்கிறன் எண்டு அர்த்தமோ? நீங்கள் படிப்பிச்ச பிள்ளையள் எப்பிடிப் பாஸ் பண்ணினதுகள்?"

"நீர் அங்க போயிடுவீரெண்டு நினைச்சன்."

"அண்ணைக்குச் சமைக்கவோ? இஞ்ச ஒராளுக்குச் சமைச்சே எனக்கு அலுத்துப்போச்சு. அவள் வீட்டுக்குப் பக்கத்தில வாறாள் எண்டு அண்டைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ? மீன் கருகினது கூடத் தெரியேல்லை." பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ரயில் நின்றதும் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். மச்சாளைக் கண்டதும் முகம் இறுகியது. மனைவி வாசல்படியிலேயே நின்றாள். "முதல் இவர் கதைக்கட்டும். பேந்து நான் உள்ளுக்கு வாறன்."

"குடும்பங்களுக்கிடையில ஒரு உறவு எண்டால்," என்று நான் தொடங்கினேன்.

"சுருக்கமாச் சொல்லுங்கோ."

சப்பாத்தில் சேறு வடிய நின்று சொன்னேன். "மச்சாள் ஒண்டும் சொல்லேல்லை. நான் பொய் சொன்னனான். எனக்குச் சோறு போட ஆளில்லாமல் போயிடுமெண்டு பயந்திட்டன்."

அதைவிட நீளமாக அதைச் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போது தெரிந்தது. தங்கை என்னைப் பார்க்கவில்லை.

"மாரி முழுக்கப் போன் அடிச்சனீங்கள், மச்சாள்," என்றாள்.

"அடிச்சனான்."

"நான் எடுக்கேல்லை."

"ஓம். பறவாயில்லை. இந்தா, ஆறப்போகுது." டப்பாவைக் கொடுத்தாள். இரண்டு பேரும் குசினிக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் கூடத்தில் நின்று சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன்.

மச்சான் முன்னறையில் இருந்து வந்தார். "என்ன பொய்? என்ன வீடு?" சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். "அவவுக்கு இஞ்ச ஒரு குறையுமில்லையே," என்றார். "அவவிட்டக் கேளுங்கோ," என்றேன். கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம், பழக்கமில்லை. கொஞ்ச நேரம் குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி முன்னறைக்குப் போய், கதிரை மெத்தைகளுக்கு இடையில் கைவிட்டு ரிமோட்டைத் தேடி எடுத்து, ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். அந்த வீட்டில் குசினிக்குள் பேசுவது கூடத்துக்குக் கேட்டது அன்றைக்குத்தான். அவர்கள் எங்களைப் பற்றிப் பேசவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை திரும்பப் பெயர் கொடுத்தாள். கோடை முடிவதற்குள் ஒரு இடம் வந்தது, நகரத்தின் கிழக்கில், முதல் வந்ததைவிடச் சிறியது. எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பஸ் மாறவேண்டும். யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவராம். முதல் வந்த வீட்டுக்கு முன்னால் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. கடைக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். அவள் இந்த முறை யாரையும் கேட்கவில்லை. இனி அங்கே இருக்கப்போகிறேன் என்று கணவருக்குச் சொன்னாள், மகனுக்குச் சொன்னாள், போய்விட்டாள்.

என் மனைவி கிழமையில் இரண்டு நாள் அங்கே போய் நின்றுவிடுகிறாள். அந்த நாட்களில் மச்சான் ஆற்றைக் கடந்து என் வீட்டுக்கு வருகிறார். இரண்டு பேருமாகச் சோறு வடிக்கிறோம். எழுபதைத் தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் பானையைச் சுற்றி நின்று, வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை ஆளுக்கொரு பக்கம் நசுக்கிப் பார்க்கிறோம். பருப்பு இப்போது சாப்பிடக்கூடியதாக வருகிறது.

போன மாதம் தங்கை அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். அவர் சவரம் செய்து, நல்ல மேலங்கி போட்டுக்கொண்டு போனார். அடுத்த நாள் வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வீடு சின்னன். வடிவா வைச்சிருக்கிறா."

"என்ன கதைச்சனீங்கள்?"

"அவதான் கதைச்சா. நான் கேட்டுக்கொண்டிருந்தன். தோள்மூட்டுக்கு ஊசி போட்டவையாம்." அரிசியைக் கழுவித் தண்ணீரை ஊற்றினார். "கனக்கக் கதைக்கிறா, மச்சான். எனக்குத் தெரியாது."

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?"

அவர் பானையை அடுப்பில் வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற குரல் அவருக்கு. அதைத் தணித்துச் சொன்னார்.

"இல்லை."